நூலுக்குப் போன முதல் பேச்சு

ஜூன் 2, திங்கள். டெல்லி.

காலை ஏழுக்கே அனல். பனியன் இரண்டு துவைத்துப் போட்டேன். ஒரு மணி நேரத்தில் அப்பளமாகக் காய்ந்துவிட்டது. எங்கள் தீவில், பாம்பூஃப்ளாட்டில், இந்த மாதத்தில் மூன்று நாள் ஆகும், அப்போதும் ஈர வாடை போகாது.

வேலைகள்: எம்.பி.க்களுக்கு வீடு ஒதுக்கும் ஆபீஸ். செருப்பு தைக்க. மனைவி ஞானத்துக்குக் கடிதம்.

வீடு கிடையாது. ஹாஸ்டல் அறைதான். எல்லாம் சீனியாரிட்டி. முதலில், எத்தனை தடவை ஜெயித்தவர். அதில் சமமானால், யார் முன்னால் பிரமாணம் எடுத்தவர். கப்பல் தாமதமாகி நான் வந்து சேர்ந்தபோது எல்லாரும் எடுத்து முடித்திருந்தார்கள். ஆக, சபையிலேயே கடைசி ஆள் நான். வீட்டில் கடைசி, பெஞ்சில் கடைசி, பேசுவதில் கடைசி. குமாஸ்தா ஹிந்தியில் ஆறுதல் சொன்னான், அடுத்த தேர்தலிலும் ஜெயித்து வந்தால் மேலே ஏறிவிடலாமாம். போடா போ.

இருபது வருடம் சாத்தம் ஃபெர்ரி, அக்கரைக்கு ஆள் ஏற்றும் படகு, ஓட்டியவன் நான். பிரசவ வலிக்காரி வந்தால் அவள்தான் முதலில் ஏறுவாள். எந்த ஆபீசரானாலும் நிற்கட்டும். யாரும் என்னிடம் வாய் திறந்ததில்லை.

செருப்பு தைக்கவில்லை.

ஜூன் 5, வியாழன்.

சரசு கடிதம் போட்டிருக்கிறாள், ஹட் பேயிலிருந்து. எங்கள் ஊருக்கு அப்பால் ஒரு ராத்திரிக் கப்பல் தூரம். வந்து சேர இருபத்திரண்டு நாள்.

"மாசம் நெறஞ்சுகிட்டு வருதுண்ணே. கோவில்பட்டியிலருந்து அம்மாவ வரச் சொல்லியிருக்கேன். அம்மா வந்துட்டா பயமில்ல. இங்க நர்சம்மா லீவுல போனவுக திரும்பல. நீங்க பேசிட்டீங்களா? பேசினா ரேடியோல சொல்லுவாங்களா?"

ஜனவரியில் அவள் புருஷன் மாடசாமி போனான். கொத்தனார், நல்ல உழைப்பாளி. ஹட் பேயில் ஜெட்டி, அதாவது கப்பல் அணையும் மேடை, இல்லை. கப்பல் தூரத்தில் நங்கூரம் போடும். நூலேணியில் இறங்கிச் சின்னப் படகில் குதிக்க வேண்டும். அலை படகைத் தள்ளியது. கப்பலுக்கும் படகுக்கும் நடுவில் விழுந்தான். பிறகு என்ன.

ஓட்டுக் கேட்கப் போனபோது கரையில் ஊரையே வைத்துக்கொண்டு அவளிடம் சொன்னேன்: "டெல்லில நான் வாயத் தொறந்தா மொத வார்த்தை ஹட் பே ஜெட்டிதாம்மா." சத்தியம் மாதிரி. சத்தியமேதான். கப்பல் துறை விவாதம் 19ஆம் தேதி. அதுவரை வாய் திறப்பதில்லை.

ஜூன் 12, வியாழன்.

சேலத்துக்காரர் கூப்பிட்டார். நாலாவது தடவை எம்.பி. இந்த ஊரில் என்னிடம் தமிழில் "சாப்டீங்களா தம்பி" என்று கேட்கிற ஒரே மனுஷன். வந்த அன்று தலையணை கொடுத்ததும் இவர்தான். இன்று கைத்தறி நூல் விலை விவாதம்.

"நான் பேசி உட்கார்ந்ததும் எந்திரிச்சு, நம்ம நூலுக்கு ரெண்டு வார்த்தை சொல்லிப்போடுங்க தம்பி."

"எனக்கு நூலப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்களே."

"நெசவாளி பட்டினி கிடக்கிறான்னு தெரியுமில்ல? அது போதுமுங்க."

மறுக்க வாய் வரவில்லை. எழுந்தேன். எனக்குத் தெரிந்த தீவு ஹிந்தியில் நெசவாளி, பட்டினி, நூல் என்று ஐந்து நிமிடம். ஒருத்தர் குறுக்கிடவில்லை. சபாநாயகர் சிரித்தார். மேஜை தட்டினார்கள். மந்திரி எழுந்து, நூல் விலையைக் குறைக்க ஏற்பாடு செய்வதாக ஒத்துக்கொண்டார்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. கான்டீனில் இரண்டு வடை.

படுக்கும்போதுதான் சுரீர் என்றது. முதல் வார்த்தை.

ஜூன் 13, வெள்ளி.

சேலத்துக்காரரிடம் போய்ப் புலம்பினேன். தோளில் தட்டிச் சிரித்தார்.

"அதனாலதானுங்க உங்களை எழுப்பினேன். முதப் பேச்சுக்கு யாரும் மறிச்சுப் பேச மாட்டாங்க, மணியும் அடிக்க மாட்டாங்க. இந்த சபையோட வழக்கம். என்னையெல்லாம் ரெண்டாவது நிமிசமே உட்கார வெச்சுருவாங்க. உங்க வாயில வந்ததாலதான் மந்திரி கேட்டார்."

பெருமையாகச் சொன்னார். ஒளிவு மறைவு இல்லை. எனக்கு உதவி செய்ததாகவே நினைக்கிறார். அவர் நெசவாளிகளும் பட்டினிதான், அதுவும் பொய்யில்லை. யாரைத் திட்ட? முட்டாப் பய நான். தலையணைக்கு மயங்கினவன்.

மணி அடிக்காத பேச்சு ஆயுளுக்கு ஒன்றுதான். அது போயிற்று.

ஜூன் 19, வியாழன்.

கப்பல் துறை. பட்டியலில் பதினேழு பேர். சீனியாரிட்டிப்படி நான் பதினேழு. காலையிலிருந்து கழிவறைக்குக்கூடப் போகவில்லை, கூப்பிட்டுவிட்டால்?

மாலை ஆறே முக்காலுக்குக் கூப்பிட்டார்கள். சபையில் முப்பது தலை இருந்தால் அதிகம். மந்திரி காகிதத்தை அடுக்கிக்கொண்டிருந்தார். மாடசாமி கப்பலில் ஏறியதிலிருந்து ஆரம்பித்தேன். அது தப்பு. ஜெட்டியிலிருந்து ஆரம்பித்திருக்க வேண்டும். அவன் நூலேணியில் கால் வைக்கும்போதே மணி. "பைட்டியே, பைட்டியே" என்று முன் பெஞ்சிலிருந்து ஒரு பெரியவர் கை காட்டினார். உட்காராமல் கத்தினேன். மைக்கை அணைத்துவிட்டார்கள்.

ஜெட்டி என்ற சொல்லைச் சொல்லவே இல்லை.

ஜூன் 26, வியாழன். கப்பலில்.

மதராஸ் விட்டு இரண்டாம் நாள். மழை. எனக்கு கேபின். டெக்கில் ஒரு அம்மா ஓயாமல் வாந்தி. எலுமிச்சம்பழம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடலை இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறாளாம். ஊர் எது என்றேன். கோவில்பட்டி. எங்கே போகிறீர்கள்? ஹட் பே, மகள் பேறுகாலத்துக்கு.

சரசுவின் அம்மா. பெயர் முத்தம்மாள். மடியில் சுக்கு, காயம், பழைய வேட்டி கிழித்த துணி, எல்லாம் மூட்டையாக. நனையாமல் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள்.

"எம்மவ எழுதியிருந்தா. அங்கன ஒரு எம்.பி. இருக்காராம், டெல்லியில மொதப் பேச்சே எங்களுக்குத்தான்னு சொன்னாராம். பேசிட்டாரா, தெரியுமாய்யா?"

நான்தான் அது என்றேன். எழுந்து கும்பிடப் பார்த்தாள். கப்பல் ஆட்டத்தில் விழுந்திருப்பாள்.

"பேசிட்டியளாய்யா?"

"பேசினேம்மா."

பேசினேன் என்பது பொய்யில்லை. மாதாவே, பொய்தான்.

ஜூன் 28, சனி. பாம்பூஃப்ளாட்.

துறையில் மாலை, கொட்டு. பழைய ஃபெர்ரி ஆட்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். வீட்டில் ஞானம் முகத்தைப் பார்த்ததும், "என்ன, இப்பிடி வெளிறிப் போயி வந்திருக்கிய? அங்க சோறு போடலியா?" என்றாள். நூல் விஷயம் சொன்னேன். மீன் அறுத்துக்கொண்டே கேட்டாள்.

"ஊரெல்லாம் உங்க வாய்க்குப் பயப்படும். அந்த ஆளுகிட்ட மட்டும் முடியாதுன்னு ஒரு சொல்லு வரலியாக்கும்."

பிறகு, "இங்க இருந்து என்ன செய்ய? போயி அந்தப் புள்ளகிட்ட நேர்ல சொல்லுங்க" என்றாள்.

செவ்வாய் மாலை ஹட் பே கப்பல். அதிலேயே முத்தம்மாளும். அதுவரை எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். ஞானத்துக்கு ரசப்பொடி இடித்துக் கொடுக்கிறாள்.

ஜூலை 2, புதன். ஹட் பே.

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலை எட்டு மணிக்கு நங்கூரம். மழை இல்லை. அலை பெரிது. படகு ஒன்றுதான். அதில் பத்துப் பேர் ஏறலாம். கப்பல் அதிகாரி கையில் லிஸ்ட். "பஹலே எம்.பி. சாப்" என்றான். முதலில் நானாம். பின்னால் தாசில்தார், என்ஜினியர், அவர்கள் பெட்டிகள், ஓவர்சியர், போலீஸ். பயணிகள் கடைசி.

"அந்த அம்மாவை முதல்ல விடுங்க, மகளுக்குப் பேறுகாலம்" என்றேன். "அடுத்த டிரிப் சாப், இருபது நிமிடம்" என்றான். ஒரு தடவைதான் சொன்னேன். என் ஃபெர்ரியாக இருந்தால் லிஸ்ட்டைக் கிழித்துக் கடலில் போட்டிருப்பேன்.

ஏன் போடவில்லை? உண்மையை இங்கேயாவது எழுத வேண்டும். பிடித்திருந்தது. எல்லாவற்றிலும் கடைசியாகவே இருந்துவிட்டு, முதலில் என் பெயர் கூப்பிட்டதும் பிடித்திருந்தது. தாசில்தார் ஒதுங்கி வழிவிட்டதும் பிடித்திருந்தது. முத்தம்மாளே, "நீங்க போங்கய்யா, பெரியவுக" என்றாள். இறங்கிவிட்டேன்.

நாங்கள் கரை சேர்வதற்குள் காற்று திரும்பியது. படகுக்காரர்கள் இரண்டு தடவை போய்ப் பார்த்தார்கள். அலை கப்பல் பக்கத்தில் அண்ட விடவில்லை. பத்தே காலுக்குச் சங்கு ஊதியது. நங்கூரம் எடுத்துத் திரும்பிவிட்டது. டெக்கில் ஆட்கள் நிற்பது தெரிந்தது, யார் யார் என்று தெரியவில்லை. மறு கப்பல் பதினைந்து நாள் கழித்து, அதுவும் கடல் விட்டால்.

சரசு கரையில் நின்றிருந்தாள். வயிறு நன்றாக இறங்கிவிட்டது. நடக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்கிறாள். முந்தாநாளிலிருந்து விட்டு விட்டு வலிக்கிறதாம். பக்கத்து வீட்டுப் பெங்காலி அம்மாள் தாங்கிக்கொண்டிருந்தாள். கப்பல் மறைகிறவரை சரசு என் பக்கம் திரும்பவே இல்லை. பேச்சைப் பற்றிக் கேட்கவும் இல்லை. கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்.

"அம்மாவ விட்டுட்டு நீங்க எப்படிண்ணே வந்தீக?"

"லிஸ்ட்ல எம் பேருதாம்மா மேல இருந்துச்சு" என்றேன்.