சவூதியிலிருந்து வந்த சப்பாத்து

நேற்றுப் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுக் கல்முனை பசாரில் சப்பாத்து வாங்கப் போயிருந்தேன். உடம்பில் சீனி கூடியிருக்கிறது, தினமும் நடக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கல்லிலும் சேற்றிலும் ஓடுவதற்கென்றே செய்தது என்று கடைக்காரர் ஒரு சோடியைக் கொண்டுவந்து வைத்தார். பெட்டியைத் திறந்ததும் புது ரப்பர் வாசம் எழுந்தது. நான் அதைக் காலில் போடாமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். நிறம் பிடிக்கவில்லையா என்று கேட்டார். உன் ஞாபகம் வந்துவிட்டது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

எழுபதுகளின் கடைசியில் கூட்டாளிகளான நாம் இருவரும் ஓடத் தொடங்கினோம். அதிகாலைச் சுபஹுத் தொழுகை முடிந்ததும் கடற்கரை மணலில் புறப்பட்டு, நற்பிட்டிமுனை வட்டையின் நெல்வயல்களுக்குள் இறங்கி, வரம்புகளில் ஓடி, கிறவல் ரோட்டால் திரும்புவோம். நான் வெறுங்காலோடுதான் ஓடினேன். முள் ஏறி ஒரு கிழமை நொண்டிய பிறகு நீ என்னைச் சப்பாத்துக் கடைக்கு இழுத்துப் போனாய்.

காலையில் போகலாம் என்றேன். கூடாது, நாள் முழுக்க நடந்த கால் பின்னேரம் கொஞ்சம் வீங்கியிருக்கும், அந்தக் காலுக்குத்தான் அளவு பார்க்கவேண்டும் என்றாய். விரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தாய். சப்பாத்தின் அடியை வளைத்தாய், விரல் மடியும் இடத்தில் வளைந்தால் எடுக்கலாம், நடுவில் மடங்கினால் வேண்டாம். பிறகு என்னை ஒற்றைக் காலில் நிற்கவைத்து, உள்ளே குதிகால் ஆடுகிறதா என்று குந்தியிருந்து பார்த்தாய். எனக்கோ ஒரு வெள்ளைச் சோடியில் ஆசை.

"வடிவப் பாக்காதடா. உன்ட காலக் கேளு" என்றாய்.

கடைசியில் எடுத்தது மண்ணிறக் கன்வஸ் சப்பாத்து. அடியில் ஆழமான வெட்டுகள் இருந்தன. அதற்குப் பிறகு ஈர வரம்பிலும் என் கால் பிரளவில்லை.

உன் வாப்பா மௌத்தான பின் உன்னை வளர்த்தவர் உன் மூத்த சகோதரரான காக்கா. உனக்கு மீசை முளைக்குமுன்பே அவர் சவூதிக்குப் போய்விட்டார். லீவுக்குக்கூட வரவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கத்து விளையாட்டுக் கழகங்கள் சேர்ந்து கடற்கரையும் வயலும் தாண்டும் ஓர் ஓட்டப்போட்டி வைத்தன. முதலாவது வருபவர் கொழும்புப் போட்டிக்குப் போகலாம். அது நீதான் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கிழமையே, லீவில் வந்த ஒருவரின் கையில் காக்கா உனக்கொரு சோடி சப்பாத்து அனுப்பியிருந்தார். வெள்ளை நிறம், பக்கத்தில் நீலக் கோடு. உன் உம்மா அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தா.

போட்டுப் பார்த்தாய். விரல்கள் மடங்கிக்கொண்டன. அடியோ வழுவழுவென்று இருந்தது. பழையதையே போடு என்று நான் எவ்வளவோ சொன்னேன். எனக்கு அத்தனையும் சொல்லித் தந்த நீ கேட்கவில்லை.

"காக்கா அனுப்பினதப் போட்டுத்தான் ஓடுவன். அவரு கேப்பாரு."

கடற்கரை தாண்டும்வரை உன்னை ஒருவராலும் பிடிக்க முடியவில்லை. வட்டைக்குள் இறங்கியதும் நீ நொண்டுவது பின்னால் வந்த எனக்குத் தெரிந்தது. வாய்க்காலைத் தாண்டும் இடத்தில் வரம்பு ஈரமாய்க் கிடந்தது. வழுக்கி, கால் பிரண்டு, வயலுக்குள் விழுந்தாய். என்னை நிற்காமல் ஓடச் சொன்னாய். நான் இறங்கிச் சப்பாத்தைக் கழற்றினேன். பெருவிரல் நகங்கள் இரண்டிலும் இரத்தம். மற்றவர்கள் வரம்பால் எங்களைத் தாண்டி ஓடினார்கள்.

நீ அந்தச் சப்பாத்தைச் சேறு படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாய். "காக்கா போகக்குள்ள நான் சின்னவன்டா. அந்தக் கால்தான் அவருக்கு ஞாபகம் இரிக்கி" என்று சொல்லிவிட்டு அழுதாய். உன்னைத் தோளில் சாய்த்துக்கொண்டு ரோட்டுவரை வந்தேன்.

அந்த நாளில் வெளிநாட்டில் இருப்பவர்களுக்குக் குரலைக் கெசட் நாடாவில் பதிந்து அனுப்புவோம். காலில் கட்டோடு இருந்து நீ பதிந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். சப்பாத்து அளவாய் இருந்தது, நான்தான் முதலாவது வந்தேன், உடம்பு சரியில்லாததால் கொழும்புக்குப் போகவில்லை என்று சிரித்த குரலில் சொன்னாய். உம்மா அடுப்படிக்குப் போய்விட்டா. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் கணுக்கால் பிறகு சரியாகவே இல்லை. ஊரில் பிரச்சினைகள் கூடிய காலத்தில் நீயும் சவூதிக்குப் புறப்பட்டாய். போவதற்கு முன் என் காலைப் பழைய பத்திரிகைத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றிவர வரைந்து எடுத்துக்கொண்டாய். அதன்பின் நீ அனுப்பிய சப்பாத்துகள் எல்லாம் எனக்கு அளவாகவே இருந்தன. எண்பதுகள் முடியுமுன் நெஞ்சு வலியில் நீ மௌத்தான செய்திதான் வந்தது. அங்கேயே அடக்கினார்கள். உன் முகத்தை நான் பார்க்கவில்லை.

காக்கா அதற்குப் பிறகு ஊரோடு வந்துவிட்டார். பள்ளிவாசல் முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நான் அனுப்பின சப்பாத்தோடதானே அவன் முதலாவது வந்தான்?" என்று கேட்டார்.

அங்கே போயும் நீ அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை என்று புரிந்தது. "ஓம் காக்கா" என்றேன்.

அந்த ஓட்டத்தைச் சொல்லச் சொன்னார். நீ வாய்க்காலை ஒரே பாய்ச்சலில் தாண்டியதையும், ஓட்டம் முடியும் பள்ளிக்கூட மைதானத்தில் சனம் எழுந்து நின்றதையும் சொன்னேன். இப்போது அவருக்குக் கண் மங்கிவிட்டது. பெருநாளைக்கு ஸலாம் சொல்லப் போனால் இன்னும் அதையே கேட்கிறார். நானும் சொல்கிறேன், ஒவ்வொரு முறையும் நீதான் முதலாவது வருகிறாய். அவர் சந்தோசமாய்த் தலையாட்டுகிறார். வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான், உன்னைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்த அந்த நாளைப் பற்றிக் கதைக்க எனக்கு ஒருவரும் இல்லை என்பது நினைவுக்கு வருகிறது.