சிலுவைத் தாலி

ஜனவரி 10
போர்வைக்குள் ஃபோன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அப்பாவின் குறட்டை கேட்ட பிறகுதான் பேனையைக் கையில் எடுத்தேன்.
சீனன்குடாவில் வேலை முடிந்து வந்ததும் குத்துவிளக்கைச் சுவரில் அடித்து வளைத்தார். உச்சியில் சிலுவை வைத்த விளக்கு. அம்மா யேசு படத்துக்கு முன் ஏற்றுவது. விளக்கு, கோலம், பொட்டு எல்லாம் பேய் என்று அவருடைய புதிய ஜெபக்கூடத்தில் சொன்னார்களாம். அங்கே போகத் தொடங்கிக் குடியை விட்டார். அடிப்பதை விடவில்லை.

ஜனவரி 12
அப்பா தாலியைக் கழற்றச் சொன்னார். அம்மா மாட்டேன் என்றார்.
"நீங்கள்தானே மாதா கோயில்ல கட்டினீங்கள். சிலுவை போட்ட தாலி. இதில எந்தப் பேய் இருக்கு?"
கொடியோடு பிடித்து இழுத்தார். அம்மா இருந்த கதிரை விழுந்தது. கொடி அறுந்தது. அம்மாவின் கழுத்தைச் சுற்றி இரத்தம். நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றேன். ஏன் கத்தவில்லை?

ஜனவரி 13
பக்கத்து வீட்டு றுக்கியா மாமி கழுத்தைக் கண்டுவிட்டார். கிணற்றடியில் வழுக்கியதாக அம்மா சொன்னார்.
"கிணத்துக்கு எப்ப நகம் முளைச்சது, கோணேஸ்?"
அம்மா சிரித்தார். பிறகு அழுதார்.
நாளை மறுநாள் மாதா கோயிலில் பொங்கல். போனால் கொல்லுவேன் என்கிறார் அப்பா. அம்மா போவாராம்.

ஜனவரி 15

பூசை முடிந்து முற்றத்தில் பானை வைத்தார்கள். கோலத்தின் நடுவில் சிலுவை. பால் பொங்கியது. அம்மா முதல் பிடி அரிசி போடும்போது அப்பாவின் மோட்டார் சைக்கிள் உள்ளே வந்தது. பானையை உதைத்தார். கொதிபால் அம்மாவின் காலில். அடுப்பிலிருந்து கொள்ளியை உருவி ஓங்கினார். அம்மா அசையவில்லை. நான் நடுவில் போனேன் — எப்படிப் போனேன்? என் தோளில் விழுந்தது. சட்டை கருகிய மணம்.
பேய்க்குப் பொங்குகிறீர்கள் என்று கத்தினார். பாதர் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார்.
"விளைஞ்சதுக்கு ஆண்டவருக்கு நன்றி சொல்லுறம், சுகிர்தன். பேய் பாக்கோணுமெண்டா உம்மட கையைப் பாரும்."
பொலிஸ் வந்து அவரைக் கொண்டுபோனது.

ஜனவரி 16
ஆஸ்பத்திரி. எரியுது. அப்பாவை நினைச்சு அழுதனான். ஏனெண்டு தெரியேல்ல.

பெப்ரவரி 22
கிளிவெட்டி. அம்மா பிறந்து வளர்ந்த வீடு, இப்போது பெரியம்மாவுடையது. பின்னேரம் அம்மா, சின்ன வயதில் படித்த தேவார ராகத்தில் 'எத்தீங்கிற்கும் அஞ்சிடேன்' என்று வரும் பைபிள் சங்கீதம் ஒன்றைப் பாடினார். நெற்றி நிறையத் திருநீற்றோடு பெரியம்மா அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.
"இது ஆர் பாடினது?"
"தாவீது எண்டு ஒரு ராசா."
"ராசாவுக்கும் எங்களைப் போலப் பயம் இருந்திருக்கு."
ஃபோன் அடித்தது. அப்பா. பிணையில் வந்துவிட்டாராம். மன்னிக்கச் சொன்னார். எங்கள் லிங்கநகர் வீட்டுக்குத் திரும்பி வரச் சொன்னார்.
"மன்னிச்சிட்டன்," என்றார் அம்மா. "வர ஏலாது."
ஃபோனை வைத்துவிட்டு, விட்ட வரியிலிருந்து பாடினார்.