மெயின் ரோட்டில் பதினொரு கடை

ஜூன் 9, திங்கள்

திருமயம் போகிற மெயின் ரோட்டில் மூன்று பேர் டேப் பிடித்து அளந்தார்கள். எங்கள் வரிசையில் பதினொரு கடை. எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் என் கடை நடுவில். எதற்கு அளக்கிறீர்கள் என்று கேட்டால் சும்மாதான் என்கிறான் ஒருவன். இந்த வெயிலில் சும்மா அளக்க இவனுக்கென்ன பைத்தியமா?

ஜூன் 12

ரோட்டோரம் நெடுக வணிக வளாகம் வரப்போகிறதாம். படமே வரைந்துவிட்டார்கள். கண்ணாடிக் கதவும் காருமாக இருக்கிறது. அதில் காயில் கட்டுகிறவன் எங்கே உட்காருவான்?

ஜூன் 13

மோகனப்ரியா என்று ஓர் ஆபீசர் அம்மா கடை கடையாக வந்தார். ஆளுக்கொரு தாள் கொடுத்தார். அதில் பெயர், தொழில், எத்தனை வருஷம், கீழே கையெழுத்து. இருக்கிற கடைகளைக் கணக்கெடுக்கிறோம், உங்கள் நல்லதுக்குத்தான் என்றார். இப்படி இனிக்க இனிக்கப் பேசினாலே எனக்குச் சந்தேகம்தான். பைபாஸ் போட்டபோது அப்பாவிடமும் இப்படித்தான் கையெழுத்து வாங்கினார்கள். கிணறு போச்சு.

மத்தியானம் எல்லாக் கடைக்கும் ஏறி இறங்கி, ஒருத்தரும் போடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் இட்லி மாவு விற்கும் அழகிதான் தயங்கினாள். புருஷன் இல்லாதவள், இரண்டு பிள்ளைகளும் அந்தக் கிரைண்டரை நம்பித்தான். கடைசியில், "நீங்க சொன்னாச் சரிண்ணே" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ஜூன் 18

பஞ்சர் கடை பீட்டர் டீக்கடையில் அந்த ஆபீசர் அம்மாவோடு நின்று பேசுகிறான். சிரிப்பு வேறு. போட்டுவிட்டான். சத்தியமாகப் போட்டுவிட்டான்.

ஜூன் 19

பீட்டரோடு பேச்சில்லை.

ஜூன் 20

மோட்டார் எடுக்க இலுப்பூர் போனேன். கடையில் சொர்ணத்தை உட்கார வைத்திருந்தேன். திரும்பி வந்து, யாராவது வந்தார்களா என்று கேட்டால், "யாரு வரப்போறா இங்கிட்டு?" என்கிறாள். சாயங்காலம் கேட்காமலே பணியாரம் சுட்டு வைத்தாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி நடந்ததில்லை. என்னமோ இருக்கிறது.

ஆகஸ்ட் 20

ஆபீஸில் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். கணக்கெடுப்பில் கையெழுத்துப் போட்டவர்களுக்குத்தான் புது வளாகத்தில் கடை. எங்கள் வரிசையில் ஒரே பெயர். பீட்டர்தான் என்று விரலை ஓட்டினேன்.

ஆவுடையப்பன், மோட்டார் காயில்.

நானா? நான் எப்போ போட்டேன்?

வீட்டுக்கு ஓடினேன். சொர்ணம் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க இலுப்பூர் போன அன்னைக்கு அந்த ஆபீசரம்மா வந்தாங்க. குடும்பத்துல யாரு போட்டாலும் சரின்னாங்க. நான் போட்டேன். நீங்க யாரத்தான் நம்பியிருக்கீங்க?"

கோபம் வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது சந்தோஷம்தான். இங்கே எழுதாமல் அதை எங்கே எழுதுவது? அப்புறம்தான் அழகி ஞாபகம் வந்தாள்.

ஆகஸ்ட் 21

பத்துப் பேரும் கடை முன்னால். எனக்குத் தெரியாது, சொர்ணம்தான் போட்டாள் என்றேன். இதையே வேறு எவனாவது என்னிடம் சொல்லியிருந்தால் காறித் துப்பியிருப்பேன். பீட்டர் அன்றைக்கு ஆபீசர் அம்மாவிடம் கேட்டது, வரிசை முழுக்க இன்னும் ஒரு வாரம் தவணை. அதுவும் இன்றைக்குத்தான் தெரிந்தது. அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அழகி சத்தம் போடவில்லை. "எங்களப் போட வேணாம்னுட்டு நீங்க போட்டுக்கிட்டீங்களாண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

ஆகஸ்ட் 25

நாலு நாளாக ஆபீஸுக்கு நடையாய் நடக்கிறேன். விட்டுப்போனவர்கள் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் மனுக் கொடுத்தால் சேர்த்துக்கொள்வார்களாம். பத்து மனுவையும் நானே உட்கார்ந்து எழுதினேன். ஒன்பது பேர் திட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள். அழகி வாங்கி, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 28

அழகியிடம் மறுபடி கேட்டேன். கீரனூரில் மாமாவிடம் காட்ட வேண்டும் என்கிறாள். நாளைக்குத்தான் கடைசி, ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன் என்றேன். முகம் இறுகிப்போய் மாவை அளக்கத் திரும்பிவிட்டாள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

நான் போனால் வேலைக்கு ஆகாது என்று பீட்டரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, பைக்கில் அவளிடம் அனுப்பினேன். ஆபீஸ் வாசலிலேயே நின்றேன். ஐந்தடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது தனியாகத் திரும்பி வந்தான்.

"நீங்க எழுதுன தாளுல கையெழுத்துப் போட மாட்டாளாம்ணே."

வேறு தாள் எழுத நேரமில்லை. ஒன்பது மனுவைக் கொடுத்துவிட்டு வந்தேன்.