அழுகை நின்றதும் எழுது

மார்ச் 4

அன்புள்ள என்னவளுக்கு,

வெளியூர் அச்சகத்துக்கு மாற்றல் கேட்டு வந்தது நல்லதாயிற்று. அறை சின்னதுதான், ஆனால் தூக்கம் வருகிறது. போனில் பேசினால் பின்னால் பாப்பா கத்துவது கேட்டு அன்றைய வேலையே ஓடமாட்டேன் என்கிறது. அதனால்தான் கடிதம். நீ கண்டதைச் சாப்பிடுவதால்தான் குழந்தைக்கு வயிறு வலிக்கிறது என்று ஊரிலிருந்து என் அம்மாவும் சொல்கிறாள். கொஞ்சம் வாயைக் கட்டு. அழுகை நின்றதும் ஒரு வரி எழுது, அடுத்த வண்டியில் வந்துவிடுகிறேன்.

உன் அன்புக் கணவன்

மார்ச் 25

அன்புள்ள உங்களுக்கு,

வாயைக் கட்டியதில் என் சட்டைகள் தொளதொளவென்று ஆனதுதான் மிச்சம். டாக்டரம்மா பாப்பாவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், எடை போட்டார். "வயித்துல கோளாறு எதுவும் இல்லம்மா, உங்க பால்லயும் குறையில்ல. சில குழந்தைங்க இப்படித்தான் அழும். பொறந்து மூணு நாலு மாசம் ஆனா தானா அடங்கிடும். அதுவரைக்கும் ஆள் மாத்தி ஆள் தூக்குங்க" என்றார். "மாத்திக்க யாரு இருக்காங்க?" என்றும் கேட்டார். கதவைப் பார்த்தேன்.

நேற்று சாயங்காலம் தாங்க முடியாமல் அவளைத் தொட்டிலில் விட்டுவிட்டு, குளியலறைக் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நானும் அழுதேன். நாளெல்லாம் அச்சு இயந்திரத்தோடு நிற்கிற காதுக்கு இந்தப் பொடிசு பெரிதா? வாருங்கள்.

உங்கள் மனைவி

ஜூன் 2

அன்புள்ள என்னவளுக்கு,

இன்னுமா அழுகிறாள்? இங்கே வேலை தலைக்கு மேல். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

உன் அன்புக் கணவன்

ஜூன் 9

அன்புள்ள உங்களுக்கு,

அழுகிறாள். நேற்றைவிட இன்று அதிகம். அவசரமில்லை, நன்றாகத் தூங்குங்கள்.

உங்கள் மனைவி

ஆகஸ்ட் 24

என்ன குழந்தை இது? வேறு டாக்டரைப் பார். கடைச் சாப்பாடு அலுத்துவிட்டது. நான் எப்போதுதான் வீட்டுக்கு வருவது?

உன் கணவன்

செப்டம்பர் 1

பாப்பாவின் அப்பாவுக்கு,

அவள் அழுகை மே மாதமே நின்றுவிட்டது. ஒரு சாயங்காலம், வழக்கமாக அழுகிற நேரத்தில், என் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உங்களுக்கு எழுதப் பேனாவை எடுத்தேன். எழுத மனம் வரவில்லை, மூடி வைத்துவிட்டேன். ஜூனில் நீங்கள் கேட்டபோது பொய் எழுதினேன். எழுத எழுத இனித்தது.

கவிழ்ந்தாள், உட்கார்ந்தாள், பல் முளைத்தது. எதையும் உங்களுக்குக் கொடுக்காமல் நானே வைத்துக்கொண்டேன். எனக்கு வருத்தமில்லை. அழாத நேரத்தில் என்ன செய்கிறாள் என்று ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

இனி வரலாம், வீடு அமைதியாக இருக்கிறது. உங்களைப் பார்த்ததும் வீறிட்டு அழுவாள். பயப்படாதீர்கள், வயிற்று வலி இல்லை. தெரியாத ஆள் யார் வந்தாலும் இப்போது அப்படித்தான் அழுகிறாள்.

பாப்பாவின் அம்மா