பின்னால் சின்னச் சக்கரம்

மார்ச் 4

கல்லூரியில் இயக்கவியல் நடத்தி வயிறு வளர்க்கிறவன் நான். எனக்கு என் மனைவியின் தம்பி சக்கரத்தைப் பற்றிப் பாடம் எடுக்கிறான். மலை சைக்கிளில் முன்னால் பெரிய சக்கரம், பின்னால் அதைவிடச் சின்னது. இதுதான் இப்போது ஞானமாம். முன்னது கல்லைத் தாண்ட, பின்னது சட்டென்று திரும்ப. முன்னால் யானை, பின்னால் பூனை. பார்க்கச் சகிக்கவில்லை.

“அத்தான், நீங்க கொஞ்சம் குள்ளம். இறக்கத்துல பின்னாடி சாயுறப்போ பெரிய டயர் உங்க பின்பக்கத்துல உரசுது. அதான் பயந்து இறங்கிடுறீங்க.”

குள்ளமாம். ஒட்டகம்கூட உயரம்தான். அதனிடம் போய் யாராவது யோசனை கேட்கிறார்களா?

மார்ச் 10

பாறை இறக்கத்தில் இன்றும் இறங்கித் தள்ளினேன். போன வருடம் அங்கேதான் டயர் என் கால்சட்டையைக் கிழித்தது, சைக்கிள் க்ளப்பே சிரித்தது. மாதக் கடைசியில் க்ளப்பின் இரட்டையர் போட்டி; ஜோடி சேர்ந்தே முடிவுக் கோட்டைத் தாண்ட வேண்டும், என் ஜோடி மைத்துனன். கீழே காத்திருந்தவன் சொன்னான்: “இந்தத் தடவையும் தள்ளுவீங்கன்னா நான் நம்ம க்ளப் பல் டாக்டரோட ஜோடி சேந்துக்கிறேன் அத்தான். தப்பா எடுத்துக்காதீங்க.”

துறைத் தலைவர் பதவியை என்னிடமிருந்து பறித்தவனும் ‘தப்பா எடுத்துக்காதீங்க’ என்றுதான் ஆரம்பித்தான்.

மார்ச் 11

பல் டாக்டராம்.

மார்ச் 16

சின்னச் சக்கரம் வாங்கி மாட்டிவிட்டேன். அவன் சொன்னதற்காக அல்ல. எல்லாம் வெறும் கதை என்று நிரூபிக்க. மனைவி சக்கரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “தம்பி சொன்னப்போ கிறுக்கன்னீங்க?”

மார்ச் 17

நிரூபித்தாயிற்று. வழியெல்லாம் பெடல் கல்லில் இடித்தது. ஓரிடத்தில் குப்புற விழுந்தேன். முழங்காலில் தோல் இல்லை. பரம திருப்தி.

மார்ச் 18

திருப்தி தங்கவில்லை. பின்சக்கரம் சிறுத்தால் ஃப்ரேம் தாழும், பெடலும் தாழும். என் முதலாண்டு மாணவர்களுக்கே தெரியும். அதற்காகத்தான் பின் சஸ்பென்ஷன் சேருமிடத்தில், திருப்பிப் போட்டால் ஃப்ரேமை உயர்த்தும் ஒரு சின்ன உலோகத் துண்டைச் சைக்கிள் செய்தவன் வைத்திருக்கிறான். மைத்துனன் அதையும் சொல்லியிருந்தான். அவன் சொன்னான் என்பதற்காகவே நான் அதைத் தொடவில்லை. படித்தவன் செய்கிற காரியமா?

திருப்பிப் போட்டேன்.

மார்ச் 24

பாறை இறக்கம். காலை ஊன்றவே இல்லை. டயர் பின்னால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. கீழே வந்து திரும்பிப் பார்த்தேன் — பார்க்க ஓர் ஆள் இல்லை. அவனுக்குப் போன் செய்தேன்.

“அய்யோ அத்தான், நேத்துதானே போட்டிக்கு டாக்டர் பேரோட என் பேரைக் குடுத்தேன். இனிமே மாத்த விடமாட்டாங்களே.” பிறகு, “சக்கரம் மாத்திட்டீங்களா?”

காற்று அடித்தேன் என்றேன்.

மார்ச் 26

ஜோடி இல்லாதவனுக்கு க்ளப்பில் ஒரு கௌரவம் வைத்திருக்கிறார்கள்: கொடி ஆட்டும் வேலை. எவராவது பாதையில் இறங்கித் தள்ளினால், பின்னால் வருகிறவர்களுக்கு மஞ்சள் கொடி காட்ட வேண்டும். இடம், பாறை இறக்கம். முனைவர் பட்டம் கடைசியில் பயன்பட்டது.

மார்ச் 31

போட்டி. காலையில் இறக்கத்தை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு மேலே வந்து நின்றுகொண்டேன்.

மைத்துனன் வழுக்கிக்கொண்டு இறங்கினான். நன்றாகத்தான் ஓட்டுகிறான், சனியன். பின்னாலேயே பல் டாக்டர். என்னைவிடக் குள்ளம், முன்னாலும் பின்னாலும் பெரிய சக்கரம். விளிம்பில் பிரேக் பிடித்தார். எட்டிப் பார்த்தார்.

“ரொம்ப செங்குத்தா இருக்கே சார்” என்றார் என்னிடம்.

“ஆமாம் சார்” என்றேன்.

இறங்கித் தள்ள ஆரம்பித்தார். கீழே மைத்துனன் நின்றுவிட்டான். அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

விதி என்றால் விதிதான். கொடியை நன்றாக உயர்த்தி ஆட்டினேன்.