அம்மா அடித்துத் திருத்திய வரி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், என் முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போவதில்லை. நீயும் மாப்பிள்ளையும் அங்கே நலமாக இருக்க வேண்டும். அடுப்படி ஜன்னலுக்கு ஒரு வழியாகப் புதுக் கண்ணாடி போட்டாயிற்று, தச்சர் நாலு முறை நாளை என்று சொல்லி ஐந்தாவது முறை வந்தார்.

போன கடிதத்தில் கேட்டிருந்தாயே, முப்பது வருஷமாகப் போரைப் பற்றி எழுதுகிறீர்கள், அதில் அம்மா எங்கே என்று, அதைப் படித்தபின் இரண்டு நாள் எனக்கு எழுத்து ஓடவில்லை. உனக்கு அப்போது மூன்று வயது. உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஊரோடு ஊராக நான் கிளம்ப, குடிநீர் நிலையத்தில் பம்பு ஓட்டிக்கொண்டிருந்த அவள், ஆஸ்பத்திரிக்குத் தண்ணீர் நிற்கக்கூடாது என்று பதினோரு நாள் அங்கேயே இருந்துவிட்டாள். அதற்கு மேல் அவள் சொன்னதுமில்லை, நான் கேட்டதுமில்லை. இப்போது உட்கார்ந்து நாலு பக்கம் எழுதி வாசித்துக் காட்டினேன். துணி மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தவள், தனியொருத்தியாக நின்று நகரத்தின் உயிரைக் காத்தாள் என்ற வரி வந்ததும் கையை நிறுத்திவிட்டாள்.

"நான் தனியா இல்லை. குழாய் வேலை பாக்குற பிட்டர் அண்ணன் இருந்தாரு. ஆறாம் நாள் ஆஸ்பத்திரிக்குத் தண்ணி போற தெருமுனை வால்வைத் திறக்க நான்தான் அவரை அனுப்பினேன். திறந்துட்டாரு, திரும்பி வரலை. அதை விட்டுட்டு என்னைப் பத்தி எழுதாதீங்க" என்றாள்.

என் பேனாவை வாங்கி அந்த வரியை அவளே அடித்து, பிட்டரை நான் அனுப்பினேன், அவர் வால்வைத் திறந்தார் என்று எழுதினாள். நான் ஆசையாகப் போட்டிருந்த வீரம், தியாகம் எல்லாம் அதோடு போயிற்று. திறந்தார் என்ற ஒரு சொல் நின்றது. மொழியே தொழிலான எனக்கு அது உறைக்க இத்தனை வயசாகியிருக்கிறது பார். பிட்டரின் மனைவி கேட்காமல் இது அச்சுக்குப் போகக்கூடாது என்றும் சொல்லிவிட்டாள். அந்த அம்மாவின் முகத்தில் விழிக்கப் பயந்து, இத்தனை வருஷமும் சந்தைக்குச் சுற்றுவழியாகப் போய் வந்தவள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். நான் தாளைப் பிரித்தேன், அம்மாதான் வாங்கி வாசித்தாள். தான் அனுப்பினதையும் விழுங்கவில்லை.  வாசித்து முடித்ததும் அந்த அம்மா, அவர் வால்வைத் திறந்தது நிச்சயமா என்று கேட்டார். தண்ணீர் ஓட்டம் காட்டும் மீட்டரில் முள் ஏறினதை என் கண்ணால் பார்த்தேன் அக்கா என்றாள் இவள்.

"பயந்து ஓடும்போது அடிபட்டாருன்னுதான் எங்கிட்ட சொன்னாங்க" என்றார் அந்த அம்மா.

உள்ளே இருந்த மகளையும் மருமகளையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, முதலிலிருந்து இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தாள், குரல் நடுங்கவேயில்லை. ஒரு கேள்வி கேட்ட உன்னையும் அதற்குப் பதில் சொன்ன அவளையும் நினைத்து நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இருவரும் நீண்ட ஆயுளோடு, குறையொன்றும் இல்லாமல் வாழுங்கள். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. ஞாயிறு அம்மாவுக்கு போன் பண்ணு, என்னிடம் அப்புறம் பேசலாம்.

உன் அம்மாவுக்கு வாய்த்தவன்,
அப்பா