கையால் வாங்கியவன்

லா சப்பல், பாரிஸ்
11.02.1986

அன்புள்ள தங்கச்சி கோசலைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மருமகளுக்குப் பல் முளைத்துவிட்டது என்று வாசித்ததும் கடையில் நின்ற அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டேன். பல்லுக்கொழுக்கட்டைக்குத் தாய்மாமன் இல்லாமல் சரிவருமா? மார்ச் இரண்டாம் திகதி ஞாயிறு சார்செலுக்கு வருவேன். அரிசிமா, பயறு, தேங்காய் எல்லாம் என் கடையிலிருந்துதான். நீ ஒன்றும் வாங்காதே.

ஆனால் இப்போதே சொல்லிவிடுகிறேன், உன் வீட்டில் கை நனைக்க மாட்டேன். கோபிக்காதே. நீ பாலச்சந்திரனைக் கட்டிய அன்றே சொன்னதுதான். நல்ல மனிதன், உழைப்பாளி, எல்லாம் சரி. சாதி என்று ஒன்று இருக்கிறதே! ஊரில் இருக்கிற அம்மாவுக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

அதை விடு. நேற்றுக் கடை பூட்டு. என்னோடு அறையில் இருக்கிற, கடையிலும் வேலை செய்கிற மரியரட்ணம் ஒரு கொலைப் படத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். அமெரிக்காவில் ஆமிஷ் என்று ஒரு கூட்டம் இருக்கிறதாம். கார் இல்லை, கரண்ட் இல்லை. குதிரைவண்டி, தாடி, கறுப்புத் தொப்பி. அந்தக் கிராமத்தில் ஒரு தானிய வியாபாரியைக் கொன்று வைக்கோலுக்குள் போட்டுவிட்டார்கள். பொலிஸ் வந்தால் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

அங்கே ஒரு பெண். வெளியாள் ஒருவனைக் கட்டியதற்காகச் சபை அவளை ஒதுக்கி வைத்திருக்கிறது. அவள் கையால் ஒருவரும் எதுவும் வாங்கமாட்டார்கள். தானே மாப் பிசைந்து சுட்ட பாணைக் கொண்டுவந்து மேசையில் வைப்பாள். அவள் கையை எடுத்த பிறகுதான் பெற்ற தகப்பனே எடுப்பார். அறுவடை விருந்தில், வேறு ஊர் ஆமிஷ் என்று சொல்லிக்கொண்டு வந்திருந்த ஒருவன் அவள் நீட்டிய பாணைக் கையாலேயே வாங்கினான். அவ்வளவுதான்! "உவன்தான்ரா கொலைகாரன்! உவன் அவையின்ரை ஆள் இல்லை!" என்று கத்திவிட்டேன். முன்னால் இருந்த பிரெஞ்சு மனிசி திரும்பி முறைத்தாள். படத்தில் வருகிற துப்பறிவாளனுக்கு அது விளங்க இன்னும் அரை மணித்தியாலம் பிடித்தது. தியேட்டர் முழுக்க எனக்கு மட்டும்தான் உடனே விளங்கியது. உன் அண்ணன் எப்படி?

நீயும் போய்ப் பார். மருமகளுக்கு என் முத்தங்கள்.

உன் அண்ணன்
இராஜதுரை


சார்செல்
20.02.1986

அன்புள்ள அண்ணைக்கு,

ரயிலில் ஏறினால் அரை மணித்தியாலத்தில் வந்துவிடுகிற தூரத்துக்கு முத்திரை ஒட்டி எழுதுகிற அண்ணனும் தங்கச்சியும் பாரிஸில் நாங்கள் மட்டும்தான் இருப்போம். இருக்கட்டும். நாங்கள் சுகம். பிள்ளை கையில் அகப்பட்டதையெல்லாம் கடிக்கிறாள்.

படம் பார்த்தோம். பிள்ளையைப் பக்கத்து வீட்டு ஜெனவியேவிடம் விட்டுவிட்டு நானும் இவரும் போனோம். பாண் வாங்குகிற இடத்தில் உங்களை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. "அண்ணைக்கு உடனை விளங்கிட்டுதாம்" என்று இவரிடம் சொன்னேன். இவர் திரையைப் பார்த்தபடியே, "கொண்ணைக்கு விளங்காமல் வேறை ஆருக்கு விளங்கும்?" என்றார். அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அண்ணை, அந்தப் பிரெஞ்சுச் சனத்துக்கு ஏன் விளங்கவில்லை? அவர்கள் யார் கையாலும் வாங்குவார்கள். உங்களுக்கு ஏன் விளங்கியது? இவர் உங்கள் கடைக்கு வந்தால் சாமானை மேசையில் வைத்துத் தள்ளுவீர்கள். மற்றவர்களுக்குக் கையில் கொடுப்பீர்கள். இவர் இதுவரை என்னிடம் அதைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. போன வருசம் நானும் கூட வந்தபோது என் கண்ணாலேயே கண்டேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

என்னைக் கூட்டிக்கொண்டு வந்து இந்த நாட்டில் ஆளாக்கியவர் நீங்கள். அதை நான் மறக்கவில்லை. ஆனால் கேளுங்கள். என் வீட்டில் உங்களுக்கென்று மேசை போட மாட்டேன். கொழுக்கட்டையைக் கையில்தான் தருவோம். வாங்குவதென்றால் வாருங்கள். இல்லையென்றால் வரவேண்டாம். பிள்ளை அதைப் பார்த்து வளரக் கூடாது.

அன்புத் தங்கச்சி
கோசலை


லா சப்பல்
24.02.1986

கோசலை,

படத்தைப் படமாகப் பார்க்கத் தெரியாதா உனக்கு? நான் கொலைகாரனைப் பிடித்தால் நீ என்னைப் பிடிக்கிறாய். பெரிய துப்பறிவாளி!

கடை என்றால் சாமானை மேசையில்தான் வைப்பார்கள். எல்லாருக்கும் அப்படித்தான். மரியரட்ணத்திடம் கேட்டுப் பார் என்று எழுதத்தான் இருந்தேன். அவனிடம் நானே கேட்டேன். வாயை மூடிக்கொண்டு வெங்காயம் உரிக்கிறான், நாய்.

ஞாயிறு சரக்கு வருகிறது. நான் வர வசதிப்படாது. மா, பயறு, தேங்காயை அவனிடம் கொடுத்துவிடுகிறேன்.

இராஜதுரை


லா சப்பல்
04.03.1986

என் அன்புத் தங்கச்சி கோசலைக்கு,

வசதிப்படாது என்று எழுதியவன் எப்படி உன் வாசலில் வந்து நின்றேன் என்று நீ கேட்கவில்லை. கேட்காததற்கு நன்றி. மரியரட்ணத்தின் கையில் பையைக் கொடுத்து அனுப்பிவிட்டு, கார் து நோர் ரயில் நிலையம் வரைக்கும் அவனுக்குப் பின்னாலேயே ஓடினேன் என்று வைத்துக்கொள். மருமகளைப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

கொழுக்கட்டையைத் தலையில் சொரிந்தபோது அவள் சிரித்த சிரிப்பு! எதை எடுப்பாள் என்று பார்க்க முன்னால் பரப்பிவைத்த பேனையையும் புத்தகத்தையும் விட்டுவிட்டு என் கைக்கடிகாரத்தைப் பிடித்தாள். மாமனைப் போலக் கடைக்காரிதான்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. நீ அப்போது குசினிக்குள் அடுப்படியில் நின்றாய். மச்சான் சொல்லியிருக்க மாட்டார், எனக்கு அவரைத் தெரியும். அதனால் நானே எழுதுகிறேன்.

தட்டோடு அவர் என்னிடம் வந்தார். வயிறு சரியில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பொய்தான், வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வந்த பொய். அதற்குள் அவர் என் முகத்தைப் பார்க்காமலே, பக்கத்தில் கிடந்த முக்காலியில் தட்டை வைக்கக் குனிந்தார். ஒருவரும் சொல்லவில்லை. தானாகக் குனிந்தார், கோசலை. என் கடையில் நான் பழக்கிய பழக்கம். அவருடைய வீடு, அவருடைய பிள்ளையின் கொழுக்கட்டை, குனிகிறதும் அவர். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

"கையிலை தாரும் மச்சான்" என்றேன்.

அவர் நிமிர்ந்து, "என்ன?" என்றார்.

"கையிலை தாரும் எண்டு சொல்லுறன்."

தந்தார். அவர் விடுவதற்கு முன்பே நான் தட்டை இழுத்துவிட்டேன். ஒரு கொழுக்கட்டை கீழே விழுந்துவிட்டது. நீ வந்து, "ஆர் உதைக் கொட்டினது?" என்று பிள்ளையைப் பார்த்துச் சத்தம் போட்டாயே, அது நாங்கள்தான். பிள்ளையிடம் மன்னிப்புக் கேள்.

அம்மாவுக்கு நானே எழுதுகிறேன். சத்தம் போடுவா. போடட்டும், கடல் கடந்து வருவதற்குள் பாதி குறைந்துவிடும்.

ரயிலில் வரும்போது மரியரட்ணம் என்னைப் பார்த்து, "படத்திலையும் கையாலை வாங்கினவன்தானே பிடிபட்டவன்" என்றான். ஓம், நானும் பிடிபட்டுத்தான் போனேன். அவனுக்கு இனி வெங்காயம் மட்டும்தான் வேலை.

சனிக்கிழமை பின்னேரம் மச்சானைக் கடைக்கு அனுப்பு. நல்ல மீன் வருகிறது. பார்த்து எடுத்துவைத்து அவர் கையில் கொடுக்கிறேன்.

உன் அண்ணன்
இராஜதுரை